25 கூட்டி, 25 கழித்து

4,000-த்தோடு அதன் கால் பங்கைச் சேர்த்தால் 5,000. அந்த 5,000-த்தில் கால் பங்கை எடுத்தால் 3,750. கூட்டியதும் 25 சதவீதம், கழித்ததும் 25 சதவீதம். ஆனாலும் 250 குறைகிறது. பிரிட்டனில் முதல் வீட்டுக்காகக் காசு சேர்க்கும் இளைஞர்களுக்கு இது வெறும் பள்ளிக் கணக்கு அல்ல.

அங்கே 2017 ஏப்ரலில் வந்த ‘லைஃப்டைம் ஐசா’ என்ற சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4,000 பவுண்டு வரை போடலாம். அரசு தன் பங்காக 1,000 பவுண்டு வரை போனஸ் சேர்க்கும். முதல் வீடு வாங்கவோ, 60 வயதான பிறகோ எடுத்தால் முழுப் பணமும் சேமித்தவருக்கே. பிழைக்க வழியில்லாத நோய் போன்ற விலக்குகள் தவிர, வேறு எதற்கு எடுத்தாலும் 25 சதவீதம் பிடித்தம். போனஸோடு சேர்ந்த மொத்தத் தொகையில் பிடிப்பதால், போட்ட சொந்தப் பணத்திலேயே 6.25 சதவீதம் போய்விடுகிறது.

வீடு வாங்கத்தான் எடுக்கிறார் என்று அரசுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் சொலிசிட்டர், அதாவது வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர், வருகிறார். பணம் சேமித்தவரின் கைக்கே வருவதில்லை. கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து நேராக, கட்சிக்காரர்களின் பணத்துக்கென்று சொலிசிட்டர் தனியே வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வீட்டின் விலை 4,50,000 பவுண்டைத் தாண்டவில்லை, வாங்குவது அடமானக் கடனோடு, ஐசாவில் முதல் பணம் போட்டு 12 மாதமாவது ஆகிவிட்டது என்பவற்றுக்கெல்லாம் எழுத்தில் உறுதி தேவை. ‘முதல் வீடு’ என்பதற்கும் கறாரான அளவுகோல் இருக்கிறது. உலகில் எங்குமே குடியிருப்புச் சொத்தில் பங்கு இருந்திருக்கக் கூடாது. லண்டனில் வாடகைக்கு இருக்கும் தமிழருக்கு யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பூர்விக வீட்டில் ஒரு பங்கு வந்திருந்தால், அதுவும் சேர்த்தி. இதைச் சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் தேதிகளில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு வாங்குவதற்கு இரண்டு பெரிய நாட்கள் உண்டு. ‘எக்ஸ்சேஞ்ச்’ அன்று ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தத் தொடங்கும். அதுவரை யாரும் விலகிக்கொள்ளலாம். நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுவது போல, விலையில் வழக்கமாகப் பத்து சதவீதம் அன்றே கட்ட வேண்டும். ‘கம்ப்ளீஷன்’ அன்று மீதிப் பணம் கைமாறி, சாவி கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் ஓடிவிடும்.

2015 டிசம்பரில் தொடங்கிய முந்தைய திட்டமான ‘ஹெல்ப் டு பை ஐசா’ தடுமாறியது இந்த இடைவெளியில்தான். 12,000 பவுண்டு சேர்த்தவருக்கு 3,000 போனஸ். ஆனால் அது கம்ப்ளீஷனுக்கு மட்டுமே உதவும், எக்ஸ்சேஞ்ச் அன்று கட்டும் முன்பணத்துக்கு ஆகாது என்பது 2016-இல் செய்தியாக வெடித்தது. 1,50,000 பவுண்டு வீட்டை வைத்துப் பாருங்கள். முன்பணம் 15,000. சேமிப்பும் போனஸும் சேர்ந்தால் அச்சொட்டாக 15,000. ஆனால் எக்ஸ்சேஞ்ச் அன்று கையில் இருப்பது 12,000 மட்டும். முன்பணம் கட்டத் திணறுகிறவருக்கு அதைக் கட்டி முடித்த பிறகு உதவுவது என்ன உதவி? திட்டம் வகுத்தவர்கள் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தத் திட்டத்தில் புதுக் கணக்குகள் 2019 நவம்பரோடு நின்றுவிட்டன. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 2030 டிசம்பர் 1-க்குள் போனஸைக் கோர வேண்டும். கணக்கை மூடி, வங்கி தரும் கடைசி அறிக்கையைக் கொடுத்தால்தான் சொலிசிட்டர் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

லைஃப்டைம் ஐசாவில் அந்தக் குறை தீர்ந்தது. முன்பணத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் 4,50,000 என்ற வரம்பு 2017-இல் வைத்தது வைத்தபடியே நிற்கிறது. வீட்டு விலைகள் நிற்கவில்லை. 4,51,000 பவுண்டு வீட்டுக்கென்று எடுத்தால், அந்த 1,000 பவுண்டுக்காகச் சேமிப்பு முழுவதற்கும் பிடித்தம் விழும். விதியை மீறாமல் வருடக்கணக்கில் சேர்த்தவருக்கு இது தண்டனை அன்றி வேறென்ன?

பணம் சொலிசிட்டரிடம் வந்த பிறகும் ஒரு கெடு உண்டு. 90 நாட்களுக்குள் வாங்கி முடிக்க வேண்டும், இல்லையேல் நீட்டிப்புக் கேட்க வேண்டும். விற்பவர் பின்வாங்கி எல்லாம் முறிந்துபோனால், சொலிசிட்டர் பணத்தை ஐசா நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அப்போது பிடித்தம் கிடையாது. ‘என் பணம்தானே, என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டாலோ, அந்த 25 சதவீதம் வந்துவிடும்.