உப்பு அரித்த கொட்டகைத் தரை: மேல்தளம் போதுமா, பெயர்த்துப் போட வேண்டுமா?

காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர் வட்டாரத்தில் டிராக்டர், பவர் டில்லர் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு அதற்குக் கான்கிரீட் தரையும் போட்டிருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் அதே தரையில்தான் நெல் மூட்டைகள் அடுக்கப்படுகின்றன. தேங்காய் உடைத்துக் கொப்பரை உலர்த்தப்படுகிறது. சில ஆண்டுகளில் தரை பொரிந்து, மணல் மணலாக உதிரத் தொடங்குகிறது. நெல்லில் கல் சேருகிறது. அடி மூட்டைகள் ஈரம் குடிக்கின்றன. கொத்தனாரை அழைத்தால், "மேலே ஒரு பூச்சு பூசிவிடலாம்" என்கிறார். அடுத்த மழைக்குள் அந்தப் பூச்சும் அப்பளம்போல் பெயர்ந்து வருகிறது. செலவு இரட்டிப்பாவதுதான் மிச்சம்.

பூச்சு பெயர்ந்ததற்குக் கொத்தனாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தரை ஏன் கெட்டது என்று பார்க்காமல் மேலே எதைப் போட்டாலும் நிற்காது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே கரண்டியை எடுக்க வேண்டும்.

தரை கெடுவது எப்படி?

கான்கிரீட் பார்வைக்குக் கல்போல் இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் உடையது. உவர் நிலத்தின் ஈரம் இத்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் மேற்பரப்பிலேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர வளரத் துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. உப்பளத்தை அன்றாடம் பார்க்கும் நமக்கு இது புதிய செய்தி அல்ல. தரையில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு இதன் அடையாளம்.

உள்ளே கம்பி போட்டிருந்தால் இன்னொரு கேடும் உண்டு. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைப்போல் பல மடங்கு இடம் அடைக்கும். ஆகவே கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்துவிடுகிறது.

பனிநாடுகளிலும் இதே தொல்லை உண்டு. கனடாவில் டொரண்டோ போன்ற நகரங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் கார்ச் சக்கரத்தோடு வந்து வீட்டுக் கார்க் கொட்டகையில் சொட்டுகிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அதனால் தரை செதில் செதிலாகப் பெயர்கிறது. அங்கே அதற்கென்று நுண்ணிய காற்றுக் குமிழ்கள் கலந்த கான்கிரீட் போடுகிறார்கள். நமக்குப் பனி இல்லை. ஆகவே அந்தக் குமிழும் தேவையில்லை. ஆனால் பழுதுபார்க்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றே: கெட்டதை முழுவதும் எடுத்து, நல்லதின்மேல் நல்லதைப் பிடிக்கவைப்பது.

வெள்ளம் செய்த வேலையையும் மறக்கக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய வெள்ளம் தரையின் அடியிலுள்ள மண்ணை அரித்துச் சென்றுவிடும். மேலே தரை நன்றாகத் தெரியும். அடியில் பொள்ளலாக இருக்கும். டிராக்டர் ஏறும் அன்றுதான் உடையும்.

மூன்று சோதனைகள்

இவற்றுக்குச் செலவில்லை. விவசாயிகள் தாங்களே செய்து பார்க்கலாம்.

முதலாவது, தட்டிப் பார்ப்பது. சுத்தியலால் அடிக்கு ஒரு தட்டு வீதம் தரை முழுவதும் தட்ட வேண்டும். கணீர் என்றால் நல்ல இடம். பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்டால் அங்கே அடி பிடிப்பில்லை. அந்த இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிட வேண்டும்.

இரண்டாவது, ஈரச் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் இறுக ஒட்டி, ஓர் இரவு விட வேண்டும். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள்.

மூன்றாவது, வெடிப்பைப் பார்ப்பது. வெடிப்பின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் அடிமண் இறங்கிவிட்டது. வெடிப்பில் செம்பழுப்புக் கறை தெரிந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது.

பொத்தல் ஓசை ஆங்காங்கே மட்டும் கேட்டு, ஈரம் ஏறாமல், வெடிப்பும் மட்டமாக இருந்தால் மேல்தளம் போதும். பாதிக்கு மேல் பொத்தலாக இருந்தாலோ, தரை இறங்கியிருந்தாலோ, ஈரம் ஏறினாலோ, கம்பி துருப்பிடித்திருந்தாலோ பெயர்த்துப் போடுவதே சிக்கனம்.

மேல்தளம் போடும் முறை

பொத்தலான பகுதிகளை உளியால் கொத்தி, உறுதியான கான்கிரீட் தெரியும் வரை எடுக்க வேண்டும். பள்ளத்தின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டுவது அவசியம். ஓரம் மெலிந்து முடிந்தால் அங்கிருந்தே பெயரும். மீதித் தரையையும் சொரசொரப்பாகக் கொத்திவிட வேண்டும். எண்ணெய்க் கறை இருந்தால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுப்பதே நல்லது. பிறகு நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, உப்பையும் தூசியையும் நீக்க வேண்டும்.

வேலைக்கு முதல்நாள் இரவு தரையை நனைத்து வைக்க வேண்டும். காலையில் தரை ஈரமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கக்கூடாது. சிமெண்டுப் பாலைத் துடைப்பத்தால் தேய்த்து, அது காயும் முன்பே கலவையைக் கொட்ட வேண்டும். அரை அங்குலத்துக்கு மேற்படாத சிறு ஜல்லி போட்ட கான்கிரீட், 2 அங்குல கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். வெறும் சாந்துப் பூச்சு டிராக்டரின் எடையைத் தாங்காது. பழைய தரையில் இணைப்புக் கோடு இருந்த இடத்தில் புதுத்தளத்திலும் கோடு விட வேண்டும். தரை 2 அங்குலம் உயர்வதால் கதவு திறக்குமா, மழைநீர் வெளியே ஓடுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நலம்.

பளபளப்புக்காக மேலே உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்கும் வழக்கம் உண்டு. இதை அனுமதிக்கக்கூடாது. அது மெல்லிய தோலாக நின்று பிறகு உரிந்துவிடும்.

பெயர்த்துப் போடுவதானால்

பழைய தரையை அகற்றி, இளகிய மண்ணை எடுத்துவிட்டு, கிராவல் பரப்பி, நனைத்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அதன்மேல் கனமான பாலிதீன் விரிப்பைப் போட வேண்டும். விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஓர் அடி ஏறியிருக்கட்டும். அடியிலிருந்து உப்பீரம் ஏறாமல் தடுப்பது இதுதான். நம் கரையோரத்தில் இதை விட்டுவிட்டுத் தரை போடுவது வீண்.

பவர் டில்லருக்கு 4 அங்குலக் கனமும், பாரம் ஏற்றிய டிராக்டர் வண்டிக்கு 5 முதல் 6 அங்குலக் கனமும் வேண்டும். சிமெண்டு 1, மணல் ஒன்றரை, முக்கால் ஜல்லி 3 என்ற கலவை பொருத்தமானது. 10 அடிக்கு 10 அடி, 4 அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய 8 மூட்டைச் சிமெண்டும், 14 கன அடி மணலும், 28 கன அடி ஜல்லியும் பிடிக்கும்.

இறுகிய மண்ணின்மேல் போடும் சிறு கொட்டகைத் தரைக்குக் கம்பி இல்லாமலே முடிக்கலாம். அதற்குப் பதில் 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டிவிட்டால் வெடிப்பு அந்தக் கோட்டோடு நின்றுவிடும். கம்பி போட்டே ஆக வேண்டுமென்றால் கம்பிக்கு மேல் 2 அங்குலம் கான்கிரீட் இருக்க வேண்டும். வாசலை நோக்கி 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவும் தேவை.

தண்ணீரும் மணலும்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உவர்க் கிணறுகளிலும் இந்த உப்பு ஓரளவு கலந்திருக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர அளவு 456இன்படி, கம்பி போட்ட வேலைக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு அரை கிராமும், கம்பியில்லாத வேலைக்கு 2 கிராமும் தாண்டக்கூடாது. எளிய வழி, குடிக்க உதவாத தண்ணீரைக் கலவைக்கும் உதவாது என்று ஒதுக்குவதே. ஐயமிருந்தால் 10 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்துப் பாருங்கள். அடியில் தங்கும் உப்பு 30 கிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கடற்கரை மணலும் ஆகாது. தேரி மணல் மிக நுண்ணியது, செம்மண் ஒட்டியது. அதுவும் கலவைக்கு ஏற்றதல்ல. கழுவிய ஆற்று மணலோ தரமான எம்-சாண்டோ பயன்படுத்தலாம். ஒரு மூட்டைச் சிமெண்டுக்குத் தண்ணீர் 25 லிட்டரை ஒட்டி இருக்கட்டும். 30ஐத் தாண்டவே கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கலவை இளகினால் கொத்தனாருக்கு வேலை எளிது. தரைக்கு ஆயுள் குறைவு.

தண்ணீர் கட்டுதல்

பெரும்பாலான தரைகள் இங்கேதான் கெடுகின்றன. தளம் இறுகிய மறுநாளே களிமண்ணால் சிறு பாத்திகள் கட்டி, தண்ணீர் நிறுத்த வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டுக்கு நமது வெயிலில் 14 நாட்கள் தேவை. நாற்றங்காலைக் காயவிடாமல் காப்பதுபோல் இதையும் காக்க வேண்டும். இதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும். 28 நாட்கள் ஆன பிறகே டிராக்டரை ஏற்றலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும், ஆனி, ஆடிக் காற்றிலும் இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது. உலர்காற்றில் தளம் இறுகும் முன்பே மேற்பரப்பு வெடித்துவிடும். மாசி, பங்குனியில் விடியற்காலையில் தொடங்குவது உத்தமம்.

பிறகு காப்பது

அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் போன்ற உர மூட்டைகளைத் தரையில் நேராக அடுக்கக்கூடாது. சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டையும் கம்பியையும் அரிக்கும். பலகை போட்டு அடுக்கி, சிந்தியதை அன்றே கூட்டி எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், தரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெடிப்பு சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும்.

விவசாயிக்குத் தரை என்பது அலங்காரம் அல்ல. அதன்மேல்தான் ஆண்டு முழுவதும் பாடுபட்ட விளைச்சல் கிடக்கிறது. பூச்சுக்கு முன் சோதனை, கலவைக்கு நல்ல தண்ணீர், போட்டபின் இரண்டு வாரப் பாத்தி நீர். இந்த மூன்றையும் விடாமல் கடைப்பிடித்தால் ஒரே செலவோடு வேலை முடியும்.