எந்தப் பக்கம் வளர்வது? ஈஸ்ட்டுக்கு வழி சொல்லும் புரதம்

பேராக் மாநிலத்தின் செகாரி மெலிந்தாங் காட்டில் பெர்தாம் பனை வளர்கிறது. அதன் பூந்தேன் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். போதைச் சத்து 3.8 சதவீதம் வரை ஏறும். இரவில் வந்து அதைக் குடிக்கும் மர மூஞ்சூறுகளைப் பற்றி 2008இல் ஆய்வு வெளியானது. புளிக்க வைப்பது ஈஸ்ட். பெர்தாம் தேனில் கிடைத்த ஈஸ்ட் வகை, ரொட்டிக்கு உதவும் அதே சாக்கரோமைசிஸ் செரிவிசியே இனத்தின் தனிக் கிளை என்று 2009இல் மரபணு ஆய்வு காட்டியது.

இந்த ஈஸ்ட் ஏறக்குறைய 5 மைக்ரான் அகலமுள்ள உருண்டை. அதன் உடலில் ஓரிடத்தில் மொட்டு விடும். மொட்டு பருத்து, தனிச் செல்லாகப் பிரியும். முன்பக்கம், பின்பக்கம் இல்லாத உருண்டையில் அந்த இடத்தைத் தீர்மானிப்பது எது?

சிடிசி42 என்ற சிறு புரதம்தான். சவ்வை ஒட்டி வாழும் இது ஒரு சுவிட்ச். இதை எழுப்புவது சிடிசி24. எழுந்த சிடிசி42, பெம்1 என்ற புரதத்தின் துணையோடு இன்னும் பல சிடிசி24களைத் தன்னிடம் இழுக்கிறது. அவை அக்கம்பக்கத்தில் உறங்கும் சிடிசி42களை எழுப்புகின்றன. கூட்டம் பெருகிய இடம் வெல்கிறது. மற்ற இடங்கள் அடங்கிவிடுகின்றன. முந்தைய மொட்டின் தழும்பு வழக்கமாக இடம் காட்டும். இணை சேரும் காலத்திலோ, எதிர்ப்பாலின் மணம் வரும் திசையை நோக்கிச் செல் நீளும்.

இடம் முடிவானதும் அங்கிருந்து ஆக்டின் இழைகள் செல்லுக்குள் நீள்கின்றன. சவ்வும் சுவரும் கட்டும் பொருள் நிறைந்த பைகளை மயோசின் புரதங்கள் அந்த இழைவழியே சுமந்து வருகின்றன. தோளில் கம்பு வைத்து, இருபுறமும் பால் வாளி தொங்க, ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் ஸ்டோரை நோக்கி நடந்தவர்களைப் போல, எல்லாச் சுமையும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே மொட்டு எழுகிறது.

சிடிசி42 பழுதான ஈஸ்ட்டை வெப்பமான சூழலில் வைத்தால், சுமை நாலாபுறமும் சிதறும். மொட்டே விடாமல் செல் ஊதிப் பெருக்கும். வளர்ச்சி நிற்கவில்லை, திசைதான் தொலைந்தது.

1990இல் இப்படிப் பழுதான ஈஸ்ட்டுக்கு மனிதனின் சிடிசி42 புரதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் மீண்டும் மொட்டு விட்டது. நம் நரம்புச் செல் நீண்ட கிளை விடுவதிலும், காயத்தை மூடச் செல்கள் நகர்வதிலும் இதே புரதம் வேலை செய்கிறது. அதனால்தான் ஈஸ்ட்டின் ஒரு மொட்டைப் புரிந்துகொள்வது நம் உடலைப் புரிந்துகொள்ளும் நேர்வழியாகிறது.