மின்வெட்டுக்குப் பின் மணி என்ன? வலையமைப்பு ஆளிகளின் நேரங் குறித்து

நாவிதன்வெளியில் ஓர் அலுவலகத்தில் மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வருகின்றதெனக் கொள்வோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரமின்றி நின்றதை அறிந்த நமக்கு இது புதிதன்று. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு ஆளியும் உடனே இயங்கத் தொடங்குகின்றது. ஆனால் எந்த ஆண்டில்?

கணினியினுள் சிறு மின்கலமொன்று மணிக்கூட்டை ஓடவைத்துக்கொண்டிருக்கும். ஆளிகள் பலவற்றில் அஃதில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் ஆளிகள் பல 1993 மார்ச் 1ஆந் திகதியிலிருந்தும், வேறு பல கருவிகள் 1970 சனவரி 1ஆந் திகதியிலிருந்தும் எண்ணத் தொடங்குகின்றன. எந்தக் கணினி எப்பொழுது இணைந்தது என்னும் பதிவுகள் அந்தப் பொய் நேரத்திலேயே எழுதப்படுகின்றன. ஓர் எழுதுவினைஞர் மீது குற்றஞ் சுமத்தப்பட்டு, அப்பதிவே சான்றாக முன்வைக்கப்படுமாயின் நிலைமை என்னவாகும்? சிஸ்கோ ஆளிகள் நம்பத்தகாத நேரத்தின் முன் ஓர் உடுக்குறியை இடுகின்றன. நேர்மையான குறி அது. விசாரிப்போர்தாம் அதனைக் கவனிக்க வேண்டும்.

கையால் நேரத்தைத் திருத்துவது அடுத்த மின்வெட்டு வரைக்குமே. மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் கல்முனையிலிருந்து தொழினுட்பவியலாளர் வந்துசேர்வதும் எளிதன்று. ஆளி தானாகவே நேரத்தைக் கேட்டறிய வேண்டும். அதற்கான வலையமைப்பு நேர நெறிமுறையை வகுத்தவர் அமெரிக்கரான டேவிட் மில்ஸ். அதன் முதல் விவரணம் 1985இல் வெளியாயிற்று. கேள்வி புறப்பட்டதும் சேர்ந்ததும், விடை புறப்பட்டதும் சேர்ந்ததுமான நான்கு நேரங்களைக் கொண்டு பயணத் தாமதம் கணித்துக் கழிக்கப்படுகின்றது. போக்கும் வரவும் சமமென்பது இங்கே ஓர் எடுகோளே. நேர வழங்கி ஒன்றாயின் அதன் பிழை தெரியாது. இரண்டாயின் எது பிழையெனத் தெரியாது. ஆகவே நான்கேனும் வேண்டும். பெயர்களைத் தேடித்தரும் சேவை மின்வெட்டின் பின் தாமதமாக எழக்கூடுமாதலால், அவற்றுட் சிலவற்றையேனும் எண்முகவரியாற் குறித்துவைத்தல் நன்று.

வழங்கிகள் தருவது சர்வதேச நேரமே. இலங்கை நேரமாக்குவது நம் பொறுப்பு. அந்த வேறுபாடும் நிலையாக இருந்ததன்று. 1996 மே மாதத்தில் 5 மணி 30 நிமிடம் 6 மணி 30 நிமிடமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் 6 மணியாயிற்று. 2006 ஏப்பிரலில் மீண்டும் 5 மணி 30 நிமிடமாயிற்று. அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிற் பழைய நேரமே வழங்கியது. ஒரே நாட்டில் இரு மணி! அவ்வாண்டுகளின் ஆவணமொன்றிற் காலை எட்டு மணி என்றிருப்பின், எவருடைய எட்டு மணி என்று கேட்க வேண்டியுள்ளது. எனவே பதிவுகளைச் சர்வதேச நேரத்திலேயே வைத்து, உள்ளூர் வேறுபாட்டைத் தனியே குறிப்பதே தக்கது. அந்த அமைப்பையும் ஆளியின் நிலையான நினைவகத்திற் சேமிக்க வேண்டும். மறந்தால் அடுத்த மின்வெட்டோடு அதுவும் போய்விடும்.