பப்பாளிக் குழாயும் கிணற்று நீரும்

கோடை விடுமுறையில் பேரையூர்ப் பக்கம் போனால், தண்ணீர் கிடக்கும் கிணற்றுக்குள்ளிருந்து பையன்களின் கூச்சல் கேட்கும். படிக்கல்லில் ஏறி நின்று 'தொப்'பென்று குதிப்பது, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகுவது, அடியில் போட்ட கல்லை முக்குளித்து எடுப்பது என்று பொழுது போவதே தெரியாது. நானும் அந்தக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவன்தான்.

ஒரு கோடையில் எங்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. பப்பாளி இலையின் காம்பு உள்ளே கூடாக இருக்கும் அல்லவா? அதன் இரு முனைகளையும் நறுக்கிவிட்டு, ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு மறுமுனையை நீருக்கு மேலே நீட்டினால், எவ்வளவு நேரமானாலும் நீருக்குள் இருக்கலாமே! செய்து பார்த்தோம். தலை மட்டும் மூழ்கியிருந்த வரையில் மூச்சு விட முடிந்தது. உடனே பேராசை வந்தது. இரண்டு காம்புகளைச் சைக்கிள் டியூப் துண்டால் இணைத்துக்கொண்டு, நீருக்குள் இருந்த அடுத்த படிக்கு இறங்கினேன். மூச்சை இழுத்தேன், வரவில்லை. யாரோ மார்பின் மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. பதறி மேலே வந்துவிட்டேன். காம்பின் பால் பட்டு உதடு இரண்டு நாள் அரித்தது தனிக் கதை.

கரீபியன் பகுதியில் உள்ள பார்படாஸ், ஜமைக்கா போன்ற தீவுகளுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். முகத்தில் கண்ணாடி அணிந்து, 'ஸ்நார்க்கெல்' என்னும் வளைந்த குழாயை வாயில் கவ்வி, கடல்மட்டத்தில் குப்புற மிதந்தபடி பவளப்பாறைகளை வேடிக்கை பார்க்கிறார்கள். அந்தக் குழாயின் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் நீளத்தில் செய்தால் இன்னும் ஆழத்தில் இருந்து பார்க்கலாமே, ஏன் செய்வதில்லை?

இதற்கு விடை காண ஒரு வாளி நீரும் ஒரு பாலிதீன் பையும் போதும். பையைக் கையில் உறைபோல் மாட்டிக்கொண்டு, அதன் வாய் மூழ்காதபடி கையை நீருக்குள் இறக்குங்கள். பை எல்லாப் பக்கமும் கையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். நீர் அழுத்துகிறது என்பதை உங்கள் தோலே சொல்லும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நீர் 100 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. மார்பின் முன்பகுதியை 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 900 ச.செ.மீ. அதன் மேல் விழும் சுமை 90 கிலோ! நெல் மூட்டை ஒன்றை மார்பில் வைத்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள் என்றால் உங்களால் முடியுமா?

"அப்படியானால் மூச்சை அடக்கி மூழ்கும்போது மட்டும் ஏன் நசுங்குவதில்லை?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்போது நுரையீரலில் உள்ள காற்று வெளியே போக வழியில்லை. நீர் அழுத்த அழுத்த அது சுருங்கி, தன் அழுத்தத்தையும் நீரின் அழுத்தத்துக்குச் சமமாக உயர்த்திக்கொள்கிறது. குழாயைக் கவ்வினால் நிலைமை வேறு. உள்ளே இருக்கும் காற்று, குழாய் வழியே வெளிக்காற்றோடு தொடர்பு கொண்டுவிடுகிறது. வெளியே நீரின் அழுத்தம், உள்ளே வெறும் வளிமண்டல அழுத்தம். இந்த வேறுபாடு முழுவதையும் விலாத் தசைகளும் உதரவிதானமும் தாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2 செ.மீ. விட்டமுள்ள இரண்டு மீட்டர்க் குழாயின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்: சுமார் 630 கன சென்டிமீட்டர் வரும். சாதாரணமாக நாம் ஒரு முறை இழுக்கும் மூச்சோ 500 கன செ.மீ. அளவுதான். வெளியே விட்ட மூச்சு குழாயைத் தாண்டுவதற்குள் அதையே திரும்ப இழுத்துக்கொள்வோம்! யானை மட்டும் தும்பிக்கையை நீருக்கு மேல் நீட்டி, உடல் முழுவதும் மூழ்கியபடி நீந்துகிறது. அதன் நுரையீரல் நம்முடையதைப்போல் அல்லாமல் மார்புச் சுவரோடு வலிய திசுக்களால் ஒட்டியிருக்கிறது.

குழாய் இல்லாமலே ஆழத்துக்குப் போனவர்கள் நம் தூத்துக்குடிக் கடலில் இருந்தார்கள். அங்கே கடைசி முத்துச் சலாபம் 1961-இல் நடந்தது. கயிற்றில் கட்டிய கனமான கல்லின் உதவியால் முத்துக்குளிப்பவர் விரைந்து இறங்குவார். ஒரு நிமிடம் போல் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரிப் போடுவார். தோணியில் இருப்பவர் கயிற்றை இழுப்பார். பத்து மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் இரண்டு வளிமண்டலம். பாயில் விதிப்படி ஆறு லிட்டர் காற்று அங்கே மூன்று லிட்டராகச் சுருங்கிவிடும். பிரான்சில் கூஸ்டோவும் காஞ்ஞானும் 1943-இல் உருவாக்கிய கருவியில், ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும் ஒரு வால்வு இருந்தது. அதன் உதவியால் மனிதன் முதுகில் காற்று உருளையுடன் மீனைப்போல் உலவ முடிந்தது.

மூச்சடக்கும் விளையாட்டில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. எங்கள் கிணற்றில், யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று ஒரு போட்டி நடக்கும். மூழ்குவதற்கு முன் 'புஸ் புஸ்' என்று வேகவேகமாகப் பத்துப் பதினைந்து தடவை மூச்சு வாங்கினால் ஜெயித்துவிடலாம் என்று ஒருவன் கண்டுபிடித்தான். உண்மையாகவே ஜெயித்துக்கொண்டும் இருந்தான். ஒரு நாள் அவன் மேலே வரவில்லை. மோட்டார் போட வந்த ஒரு பெரியவர் குதித்து, நினைவில்லாமல் கிடந்தவனைத் தூக்கி வந்தார். பிழைத்துக்கொண்டான்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது கல்லூரிக்கு வந்த பிறகே எனக்கு விளங்கியது. "போதும், மூச்சை விடு" என்று உடல் நம்மை நெருக்குவது பெரும்பாலும் பிராணவாயு குறைவதால் அல்ல. இரத்தத்தில் கரியமில வாயு பெருகுவதால். வேகமாக மூச்சு வாங்கும்போது பிராணவாயு அதிகம் கூடிவிடுவதில்லை. ஏனென்றால் இரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கரியமில வாயு. அதாவது எச்சரிக்கை மணியைத்தான் கழற்றி வைக்கிறோம். மணி அடிக்கும் முன்பே பிராணவாயு தீர்ந்து மயக்கம் வந்துவிடும். நீருக்குள் மயங்கியவன் அறியாமலே நீரை மூச்சாக இழுப்பான். ஆழத்திலிருந்து ஏறும்போது இது இன்னும் மோசம். ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒன்றரை வளிமண்டலமாக இருந்த அழுத்தம், மேலே வர வர ஒன்றாகக் குறைகிறது. பிராணவாயுவின் பகுதி அழுத்தமும் அதே விகிதத்தில் விழுகிறது. அதனால்தான் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட நீர்மட்டத்துக்கு ஒரு கை தூரத்தில் மயங்கிவிடுகிறார்கள்.

கிணற்றில் குதியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முக்குளிக்கும் முன் 'புஸ் புஸ்' வேண்டாம். நிதானமாக ஒரே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டால் போதும். மூச்சடக்கும் போட்டியும் வேண்டாம். ஒருவர் நீருக்குள் இருக்கும்போது, நன்றாக நீந்தத் தெரிந்த இன்னொருவர் படியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். பப்பாளிக் காம்பை முயல விரும்பினால் முகம் மட்டும் மூழ்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கவ்வும் முனையை முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.