பழைய எஸ்.எம்.பி.க்குக் கர்னலில் இடம் உண்டா?

கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் பழைய சிஎன்சி லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசல் சுத்தமாக வருகிறது, அளவு தப்புவதில்லை. ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கணினி, 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. சீமென்ஸ் 840டி போன்ற கட்டுப்பாட்டு அமைப்புகள் பலவும் எக்ஸ்பியோடுதான் வந்தன. டிசைன் அறையிலோ இப்போது லினக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸாக இருக்கலாம், டெபியனாகவோ உபுண்டுவாகவோ இருக்கலாம். அங்கிருந்து லேத்தின் ஷேர் போல்டரை இணைத்து, அதில் புரோகிராம் கோப்பைப் போட வேண்டும். கட்டளை கொடுத்தால் பிழை எண் 112 வருகிறது: 'ஹோஸ்ட் இஸ் டவுன்'. எதிர்முனைக் கணினி செயலிழந்துவிட்டதாம்! பத்தடி தூரத்தில் லேத் சுற்றிக்கொண்டிருக்கிறது.

லேத்தில் கோளாறு இல்லை. கேபிளிலும் இல்லை. இரண்டு கணினிகளுக்கும் பொதுவான பேச்சு இல்லாததுதான் சிக்கல்.

வலையமைப்பு வழியாக இன்னொரு கணினியின் போல்டரைத் தன் போல்டர்போலவே திறக்க உதவும் நெறிமுறை எஸ்.எம்.பி. 1980களின் முற்பகுதியில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் முதல் பதிப்பு மட்டும்தான். 2006இல் விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டிருந்த கட்டளைகள் அதில் 19 ஆகச் சுருங்கின. 2012இல் வந்த மூன்றாம் பதிப்பு, போகும் தகவலை மறையாக்கம் செய்யவும் கற்றுக்கொண்டது. முதல் பதிப்பில் அந்த வசதி கிடையாது. வழியில் ஒட்டுக்கேட்பவர் கோப்பை அப்படியே படித்துவிடலாம்.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது, அதன் மைய நிரலான கர்னலுக்குள் இருக்கும் 'சிஃப்ஸ்' என்ற பகுதி. 2017 செப்டம்பரில் வந்த 4.13 கர்னல் வரை, பதிப்பு எது என்று சொல்லாவிட்டால் அது முதல் பதிப்பில்தான் பேசத் தொடங்கும். 4.13இலிருந்து அந்த வழக்கம் நின்றது. இன்று தானாகப் பேசத் தொடங்கினால் 2.1க்குக் கீழே அது இறங்குவதில்லை. எக்ஸ்பிக்கு அது புரிவதில்லை, இணைப்பு அறுந்துபோகிறது.

ஏன் இந்த மாற்றம்? அதே ஆண்டு மே 12 அன்று கிளம்பிய 'வான்னாக்ரை' என்ற நச்சுநிரல் முக்கியமான காரணம். விண்டோஸின் எஸ்.எம்.பி. முதல் பதிப்பு நிரலில் இருந்த ஓட்டை வழியாக, 445ஆம் போர்ட்டில் புகுந்து, அது கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிப்புப் பட்டியலில் வந்தது. ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும், கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகங்களும் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தது போல்டரைப் பகிரும் விண்டோஸ் கணினியில். அதைத் திறந்து பார்க்கும் லினக்ஸ் கணினி பழைய பதிப்பில் பேசுவதாலேயே வான்னாக்ரை அதற்குள் நுழைந்துவிடாது. திருத்தம் போடாத எக்ஸ்பிதான் ஆபத்தில் நிற்கிறது. ஆகவே கர்னலில் பழைய பேச்சை அனுமதிப்பதா என்ற கேள்வியோடு, அந்த எக்ஸ்பியை யாரெல்லாம் தொட முடியும் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலில் கர்னல். அதைத் தொகுக்கும்போது ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு விடை ஓர் எழுத்துதான்: ஒய் என்றால் உள்ளேயே சேர், எம் என்றால் தேவைப்படும்போது ஏற்றும் மாட்யூலாக வை, என் என்றால் வேண்டாம். 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் வரும் பட்டியலில் ஃபைல் சிஸ்டம்ஸ், அதற்குள் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸ், அதற்குள் சிஃப்ஸ். அதன் கீழே, பாதுகாப்புக் குறைந்த பழைய சர்வர்களை அனுமதிக்கலாமா என்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு 'என்' சொல்லித் தொகுத்த கர்னல், பதிப்பு 1.0 என்று வலிந்து கேட்டாலும் இணைக்க மறுத்துவிடும்.

டெபியன் தரும் கர்னலில் பெரும்பாலும் மறு தொகுப்பு தேவைப்படாது. 'பூட்' போல்டரில் கர்னலின் பெயரோடு இருக்கும் 'கான்ஃபிக்' கோப்பைத் திறந்து, 'அலவ் இன்செக்யூர் லெகசி' என்ற வரியில் 'ஒய்' இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் மவுண்ட் கட்டளையில் 'வெர்ஸ்' என்பதற்கு 1.0 என்று எழுத வேண்டும். லேத்தின் போல்டர் திறந்துகொள்ளும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021இல் வந்த 5.15 கர்னலிலிருந்து, என்.டி.எல்.எம். முதல் பதிப்பு, அதற்கும் பழைய லேன்மேன் ஆகிய கடவுச்சொல் சரிபார்ப்பு முறைகள் முற்றிலும் நீக்கப்பட்டன. எக்ஸ்பிக்கு என்.டி.எல்.எம். இரண்டாம் பதிப்பு தெரியும் என்பதால் தப்பித்தது. விண்டோஸ் 98 வைத்திருப்பவர் தோற்றுப்போவார். கர்னலில் கேள்வியாக இருப்பது ஒருநாள் கேள்வியாகக்கூட இல்லாமல் போகும். 90களில் இந்திய வங்கிக் கிளைகளில் ஓடிய நோவெல் நெட்வேருக்கு அதுதான் நடந்தது. அதன் போல்டர்களைத் திறக்கும் என்.சி.பி.எஃப்.எஸ்., 2018இல் 4.18 கர்னலோடு போய்விட்டது.

இனி எக்ஸ்பியின் பக்கம். லேத்தை அலுவலக வலையமைப்பிலும் இணையத்திலும் சேர்க்கவே கூடாது. டிசைன் அறை லினக்ஸ் கணினியில் இன்னொரு நெட்வொர்க் கார்டைப் போட்டு, அதிலிருந்து லேத்துக்கு மட்டும் கேபிள் இழுத்தால் செலவு சில நூறு ரூபாய். இரண்டு கார்டுக்கும் இடையே தகவல் தாண்டாதபடி ஃபார்வர்டிங்கை அணைத்துவிட வேண்டும். லேத்தில் ஒரே ஒரு போல்டரை மட்டும் பகிர வேண்டும். அதற்கென்று வைக்கும் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது.

எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் என்ன ஆகும்? 2022 ஜூனில் இத்தாலியின் பலெர்மோ நகராட்சி இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் கணினி அமைப்புகளை முன்னெச்சரிக்கையாக அணைத்து வலையிலிருந்து துண்டிக்க வேண்டியிருந்தது. இணையவழிச் சேவைகள் முடங்கி, மக்கள் நகராட்சியைத் தொடர்புகொள்ள ஃபேக்ஸுக்குத் திரும்பினார்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்தமுறை லினக்ஸைப் புதுப்பிக்கும் முன், இப்போது லேத்தோடு பேசிக்கொண்டிருக்கும் கர்னலை நீக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கர்னலின் கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு வரியைப் பாருங்கள். ஆர்டர் நிற்கும் நாளில் பார்ப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது நல்லது.