மனநோயும் பல் நலமும்

திருவனந்தபுரத்தில் "ஊளம்பாறை" என்றால் கேலிச் சொல். சென்னையில் "கீழ்ப்பாக்கம்" மாதிரி. அங்குள்ள மனநல மருத்துவமனை 1870இல் தொடங்கப்பட்டது. மனநோயாளியின் மனதைப் பற்றி ஆயிரம் பேசும் நாம், அவர் வாயைத் திறந்து பார்ப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்டீவ் கைஸ்லி குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டனர். கடும் மனநோயுள்ளவர்கள் பற்கள் அனைத்தையும் இழக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 மடங்காம்!

காரணம் என்ன? சோர்வில் பல் துலக்காமை, புகை, இனிப்பு ஒருபுறம். மறுபுறம் மருந்து. அமிட்ரிப்டிலின், டிரைஹெக்ஸிபெனிடில் போன்றவை உமிழ்நீரைக் குறைக்கும். வாயிலுள்ள அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காப்பது உமிழ்நீர். அது வற்றினால் சொத்தை விரையும். வறட்சிக்கு இனிப்புக் காபியோ குளிர்பானமோ குடித்தால் கேடு இரட்டிப்பு.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? சோறு மெல்ல முடியாது, சிரிக்கக் கூச்சம், வேலை கேட்டுப் போகத் தயக்கம். நோய் தணிந்து மீண்டு வருபவரை இது மறுபடி மூலையில் உட்கார்த்திவிடும்.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். இருவேளையும் கூட நின்று, ஃபுளூரைடு பற்பசையால் துலக்கச் செய்யுங்கள். பல் டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். நம்மூர் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. முக்கியமாக, "பல்லு வலிக்குது" என்று அவர் சொன்னால், பிரமை என்று தள்ளாமல் முதலில் வாயைப் பாருங்கள்.