ஆளில்லாத ஊரில் ஒரு கார்ப் பந்தயம்

விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகள் பலவற்றில் ஓர் ஓசை கேட்கத் தொடங்குகிறது. கார் உறுமுகிறது, டயர் கிறீச்சிடுகிறது, பின்னாலேயே போலீஸ் சைரன் அலறுகிறது. அண்ணனோ தம்பியோ கணினியின் முன் நாற்காலி நுனியில் அமர்ந்திருப்பார்கள். தட்டில் சோறு ஆறிப்போவதும் தெரியாது, அம்மா அழைப்பதும் காதில் விழாது. எங்களுள் சிலரும் அந்த நாற்காலியில் அமர்ந்ததுண்டு. இதைக் கண்ட ஒரு தோழியின் அப்பத்தா, "ஏத்தா, போலீசுக்குப் பயந்து ஓடுறதெல்லாம் ஒரு வெளையாட்டா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆகவே அந்த ஆட்டத்தில் என்னதான் நடக்கிறது என்பதை, அதை ஆடியறியாத அன்னையருக்கும் அருட்சகோதரியருக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறோம்.

கார் ஓட்டும் ஆட்டங்கள் நேற்று வந்தவை அல்ல. 1976ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எக்ஸிடி என்னும் நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற ஆட்டத்தைக் காசு போட்டு ஆடும் பெட்டியாக வெளியிட்டது. திரையில் ஓடும் சின்னஞ்சிறு உருவங்களைக் காரால் மோதி வீழ்த்த வேண்டும். அவை மனிதர் அல்ல, பூதங்களே என்று நிறுவனத்தார் சொல்லிப் பார்த்தனர். பார்த்தவர் கண்ணுக்கோ மனிதராகவே பட்டன; பெரும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1988இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'சேஸ் எச்.க்யூ.' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் ஆடுபவரே போலீஸ். 1991இல் 'ரோடு ராஷ்' பிறந்தது. இதை நம் தந்தையரும் சித்தப்பாமாரும் நன்கு அறிவர். மோட்டார் சைக்கிளில் பறந்தபடியே பக்கத்தில் வருகிறவனைக் குத்தியும் சங்கிலியால் அடித்தும் முந்த வேண்டும். போலீஸ்காரரிடம் பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டும். (ஆட்டத்தை நிறுத்து என்று அதட்டும் தந்தையரிடம் 'ரோடு ராஷ்' பற்றி மெல்லக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.)

'நீட் ஃபார் ஸ்பீடு' என்னும் வரிசை 1994இல் தொடங்கியது. அதில் நாங்கள் நன்கறிந்தது 2005ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'மோஸ்ட் வாண்டட்'. நாங்கள் பிறப்பதற்கு முந்திய ஆட்டமாயினும், பழைய கணினியிலும் ஓடும் என்பதால் இன்னும் அதற்கு மவுசு குறையவில்லை.

ராக்போர்ட் என்பது இந்த ஆட்டத்துக்கென்றே படைக்கப்பட்ட கற்பனை நகரம். அங்கே சட்டத்துக்குப் புறம்பாகத் தெருவில் பந்தயம் ஓட்டும் பதினைந்து பேரின் பட்டியல் ஒன்றுண்டு. பதினைந்தாம் இடத்தில் இருப்பவனிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவராக வென்று, முதலிடத்தில் இருக்கும் ரேசர் என்பவனை வெல்ல வேண்டும். ஆனால் பந்தயத்தில் முந்தினால் மட்டும் போதாது. அடுத்தவனைப் போட்டிக்கு அழைக்கும் தகுதி வர வேண்டுமானால், போலீசாரால் துரத்தப்பட்டுத் தப்பியும் இருக்க வேண்டும். நம் தலைக்கு வைக்கப்பட்ட விலை இவ்வளவு ஏறியிருக்க வேண்டும், இத்தனை நிமிடம் பிடிபடாமல் ஓடியிருக்க வேண்டும், இத்தனை போலீஸ் கார்களை நொறுக்கியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. நமக்குச் செய்முறைத் தேர்வு மதிப்பெண் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீசிடம் சிக்குவது அந்த ஆட்டத்தில் தற்செயலாக நேர்வதன்று, அதுவே பாடத்திட்டம்.

துரத்தல் எவ்வாறு நடக்கிறது? முதலில் ஒரு சாதாரண ரோந்து கார் பின்னால் வரும். நாம் நிற்காமல் ஓடினாலோ, அதை இடித்தாலோ, 'சூடு' எனப்படும் அளவு ஒவ்வொரு படியாக ஏறும். சூடு ஏற ஏற வருகிறவர்களும் மாறுவார்கள். சாலையை மறித்துக் கார்களை நிறுத்துவார்கள். டயரைக் கிழிக்கும் முள்பட்டையை விரிப்பார்கள். கனத்த வண்டிகள் நேருக்கு நேராக மோத வரும். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் வட்டமிடும். போலீசார் வயர்லெஸ்ஸில் தங்களுக்குள் பேசிக்கொள்வது நம் காதிலும் விழும். வழியில் உள்ள பெரிய தண்ணீர்த் தொட்டி போன்றவற்றின் தூணை இடித்தால் அது சரிந்து பின்னால் வருகிறவர்களை மறிக்கும். இவ்வளவும் செய்து அவர்கள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டாலும் உடனே தப்பியதாகாது. எங்கேனும் ஒரு மறைவிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். சைரன் கிட்டே வரும். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அது கடந்து போகும். எங்களைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் சுவை வேகத்தில் இல்லை, இந்தச் சில விநாடிகளில்தான் இருக்கிறது என்போம். கண்ணாமூச்சி ஆடும்போது கதவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இது புரியும். அந்த அப்பத்தாவும் சிறுவயதில் 'திருடன் போலீஸ்' ஆடியவர்கள்தாமே!

இன்னொரு தந்திரமும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. இத்தகைய ஆட்டங்களில் நாம் வெகுதூரம் முன்னே போய்விட்டால் பின்னால் வருகிற கார்களுக்குத் தாமாகவே வேகம் கூடும். நாம் பின்தங்கினாலோ முன்னே போகிறவன் சற்றுத் தளர்வான். எல்லாக் கார்களையும் ஒரு ரப்பர் நாடாவால் கட்டிவைத்ததைப் போன்றது. நன்றாக ஓட்டினாலும் எதிரி முதுகுக்குப் பின்னாலேயே இருப்பதன் காரணம் அதுதான். "இதோ பிடித்துவிடுவான், இதோ பிடித்துவிடுவான்" என்ற பரபரப்பு, ஆட்டத்தைப் படைத்தவர்கள் அளந்து ஊற்றியது. 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று தம்பி கெஞ்சுவதன் இரகசியமும் இதிலேயே இருக்கிறது.

இனி, அந்த நகரத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ராக்போர்ட்டில் பாலம் உண்டு, கடைவீதி உண்டு, விளையாட்டரங்கம் உண்டு. நடந்து போகிற மனிதர் மட்டும் இல்லை. எத்தனை மணி நேரம் சுற்றினாலும் சாலையைக் கடக்கும் ஒரு கிழவியையோ, புத்தகப் பையுடன் நிற்கும் ஒரு சிறுமியையோ காண முடியாது. வேறு கார்கள் வரும். இடித்தால் விலகி உருளும். உள்ளிருந்து எவரும் இறங்கி வருவதில்லை. நம் காருக்கும் மோதலால் கீறல் விழும், கண்ணாடி விரியும், ஓட்டம் குறையாது. 1976இல் எழுந்த கூச்சல் நினைவில் இருந்ததோ என்னவோ, ஆட்டத்தைப் படைத்தவர்கள் ஊரையே காலிசெய்துவிட்டார்கள். அப்படிக் காலிசெய்திராவிட்டால் இது விளையாட்டாக இருந்திருக்காது என்பதே எங்கள் எண்ணம். (தெருவில் ஆட்கள் நிறைந்த வேறு வகை ஆட்டங்களும் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற சிலவற்றில் 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். நாம் பேசுவது அவற்றைப் பற்றி அன்று.)

இப்பொழுது நம் ஒத்தக்கடையைப் பாருங்கள். யானைமலை படுத்திருக்க, அதன் அருகே மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பெருஞ்சாலை ஓடுகிறது. 1965இல் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரி ஒரு புறம். 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளையும் அருகிலேயே. காலையில் கறுப்புக் கோட்டு அணிந்த வழக்கறிஞர்கள், கல்லூரி மாணவர்கள், பூக்கூடையுடன் பஸ் ஏறும் அம்மாக்கள், ஷேர் ஆட்டோ, ஆட்டு மந்தை, சைக்கிளில் நாங்கள் என்று எல்லோருக்கும் அந்த ஒரே சாலைதான். ராக்போர்ட்டில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் கார் இங்கே 40இல் வந்தாலே நாம் ஒதுங்கி நிற்கிறோம்.

ஏன் ஒதுங்க வேண்டும் என்பதை நம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடமான இயக்க விதிகளைக் கொண்டே கணக்கிட்டுப் பார்த்தோம். குறுக்கே ஆள் வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். அதன்பின் வண்டியின் வேகம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் என்ற அளவில் குறைவதாகவும் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நிற்பதற்குள் சுமார் 23 மீட்டர் கடந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகமானால் 46 மீட்டர் என்று நினைப்பீர்கள். விடையோ சுமார் 72. வேகம் 120 ஆனால் 144 மீட்டர்! நம் விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போடுகிறோம் அல்லவா, அதைப் போல ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. அத்தனையையும் பிரேக்தான் தின்று தீர்க்க வேண்டும். ஆட்டத்தில் இந்தத் தூரத்தைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அங்கே பொத்தானை அழுத்தினால் காலமே மெதுவாக நகரும் வசதிகூட இருக்கிறது.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். எந்த வண்டியிலும் ஏறாதவர்கள்.

மெய்யான பந்தயம் ஓட்டுகிறவர்களும் முதலில் ஆட்களை அப்புறப்படுத்தவே செய்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அந்நாளில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், பயன்படாமல் கிடந்த விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலையே அமைந்தது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு மெய்யாகவே நகரத் தெருவில், அதுவும் இரவில், ஃபார்முலா 4 கார்கள் ஓடின. அதற்கு எத்தனை ஏற்பாடு! போக்குவரத்தை மாற்றி, இருபுறமும் தடுப்பும் வேலியும் அமைத்து, பாதுகாப்புச் சான்று கிடைத்த பின்னரே கார்களை இறக்கினர். ஆக, கணினியில் ஆட்டம் படைத்தவர் செய்ததையே அங்கும் வேலி போட்டுச் செய்தார்கள்.

வேலி இல்லாமல், சான்று இல்லாமல், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மெரினா கடற்கரைச் சாலையிலும் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிடிபடும் இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. 2019இல் செய்த திருத்தத்தின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் அறிய வேண்டிய இன்னொரு பிரிவு 199ஏ. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. ராக்போர்ட்டில் பிடிபட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநிமிடமே சாலைக்கு வந்துவிடலாம்.

மெய்யான போலீசாரும் ஆட்டத்தில் வருகிறவர்களைப் போன்றவர்கள் அல்லர். துரத்தினால் ஓடுகிறவன் மேலும் வேகமெடுப்பான். அடிபடுவது வழியில் நிற்பவர். இதனாலேயே அமெரிக்கா முதலிய நாடுகளில் பல ஊர்க் காவல்துறையினர், சிறு குற்றங்களுக்காகக் காரில் துரத்தக்கூடாதென்று விதி வகுத்திருக்கிறார்கள். நம் ஊரிலோ வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். இ-செலான் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடும். சைரனும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை; இதை வைத்து ஓர் ஆட்டம் படைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் எங்களுக்கு அந்த ஆட்டம் பிடிக்கவே செய்கிறது. ஓடிக்கொண்டே இருப்பது அலுத்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இதே வரிசையில் 1998இலும் 2010இலும் வந்த 'ஹாட் பர்சூட்' ஆட்டங்களில் நாமே போலீசாகவும் ஓட்டலாம். எங்கள் கூட்டத்தில் இருவர் எப்போதும் அந்தப் பக்கமே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதிலும் முன்னே போகிற காரை இடித்துத்தான் பிடிக்க வேண்டும். சாலை அங்கும் வெறிச்சோடியே கிடக்கும்.